மறக்க வைக்கிற மாத்திரை

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாசம், கம்பம்மெட்டு மலைப்பாதையில் நடந்தது இது. நான் மலைக்குக் கீழே இருக்கிற கோம்பை ஊர்க்காரன். அப்போது மலைக்கு மேலே, கேரளா பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிவிட்டு, சூடு கூடாமலும் குறையாமலும் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் ஓரமாக நிற்கிறவன். எனக்கு அந்த வேலை நன்றாகப் பொருந்தியது. நடந்ததை எழுதுங்கள் என்று என் மகள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் மனசு வந்தது.

அதே தோட்டத்தில் என் சகலையும் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எனக்கு நேர் எதிர். ஜீப்பில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் வாய் ஓயாது. என்னைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"ஏ சகல, வாயத் தொறந்தா வரி போடுவாகளாய்யா? ஒரு வார்த்த பேசேன்" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். "பாருங்கப்பா, சிரிக்கிறதக்கூட எண்ணி எண்ணிச் சிரிக்கிறாரு" என்று ஜீப்பில் இருக்கிற பெண்களிடம் சொல்வார். ஜீப்பே சிரிக்கும்.

அன்றைக்குக் காலையில் மட்டும் அவர் பேசவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் பெண்களெல்லாம் முதல் ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார்கள். கடைசித் தட்டுக் காய் இறங்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் இருந்து, கம்பத்துக்குப் போக வேண்டிய ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் கிளம்பினோம். டிரைவரோடு சேர்த்து மூன்று பேர். நாலரை மணிதான் இருக்கும். ஆனால் மேகம் அடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஐப்பசியில் அங்கே அப்படித்தான். ஜீப்பின் மூக்கு எங்களுக்குத் தெரியவில்லை. "லைட்டப் போட்டா இன்னும் வெள்ளையாத்தாண்ணே தெரியுது" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஒரு வளைவில் கீழேயிருந்து லாரி ஹாரன் கேட்டது. டிரைவர் ஓரம் கட்டினார். மழையில் ஊறிப்போயிருந்த ஓரம் ஜீப்போடு அப்படியே பெயர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மூட்டைகள் என் மேல் சாய்ந்தது தெரியும். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, ஒரு மரத்தின் மேல் நான் கவிழ்ந்து கிடந்ததுதான்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே வெள்ளை. என் கையை நான் பார்க்க முடியவில்லை. மூட்டைகள் கிழிந்து காய் எங்கும் சிதறியிருக்க வேண்டும். அந்தப் பள்ளம் முழுக்க ஏலக்காய் வாசம். கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல ஒரு வாசம், அந்த இடத்தில். மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி இறங்கியது.

மேலே ஏதோ வண்டி நின்றது. ஆட்கள் பேசுவது கேட்டது. நான் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கூப்பிட்டேன்.

மேலே பேச்சு நின்றுவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஆள் தெரியாமல் ஒரு குரல் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்க மாட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன். ஒன்றோடும் இரண்டோடும் நின்றால் அது வேறு. அந்த வளைவில் முன்னாலேயே ஆட்கள் செத்திருக்கிறார்கள். மேகம் மூடிய நேரத்தில், பள்ளத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல் வந்தால், நான் மேலே நின்றிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கீழேயிருந்து சகலையின் குரல் கேட்டது.

"ஏ சகல. ஒரு தடவ கூப்பிட்டா பேயின்னு நெனச்சுப் போயிருவாகய்யா. திருப்பிக் கூப்பிடு."

நான் இரண்டாவது தடவை கூப்பிட்டேன். அதோடு மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேலே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது கீழேயிருந்து சகலையின் குரல் பெரிதாக, "ஏய், வாங்கய்யா!" என்றது. வண்டி நின்றது. மேலே ஒருவர், "மூணாச்சுடா. மனுசந்தான், எறங்கு எறங்கு" என்று கத்தினார்.

அவர்கள் கயிறு கட்டி இறங்கி வருவதற்குள் சகலை பேசிக்கொண்டே இருந்தார். வழக்கம்போல அவர் பேச, நான் கேட்டேன். அவர் என்ன பேசினார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு கட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது.

இறங்கி வந்தவர்கள் என்னைத் தூக்கியபோது, "கீழ சகல இருக்காரு, அவரப் பாருங்க" என்றேன். இரண்டு பேர் கீழே போனார்கள். போனவர்கள் திரும்பி வர நெடுநேரம் ஆனது. நான் நினைத்ததைவிட ரொம்பக் கீழே கிடந்திருக்கிறார். பாறையில் விழுந்து கழுத்து முறிந்து, விழுந்த நொடியிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

டிரைவர் ஜீப்பிலிருந்து மேலேயே தூக்கி எறியப்பட்டு, புதருக்குள் கால் ஒடிந்து மயங்கிக் கிடந்தார். ஆக, பேசியது அவரும் இல்லை.

என்னைத் தேனிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாவது மாடி வார்டு. விலாவில் மூன்று எலும்பு விரிசல் விட்டிருந்தது. உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, இல்லை என்றார்கள். எலும்பு தானாகக் கூடிவிடும் என்றார்கள். அது கூடியும் விட்டது. வேறொன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வார்டுக்கு டீ கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு நோயாளிக்கு வீட்டிலிருந்து வந்த டீ, ஏலக்காய் தட்டிப் போட்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் உடம்பு கட்டிலோடு ஆடியது. நெஞ்சு அடிக்கிற அடி காதுக்குள் கேட்டது. சுவர், ஜன்னல், ஆட்கள் எல்லாம் போய் ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளே, கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு குரல், "ஏ சகல" என்றது.

ஒரே ஒரு தடவை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் நாடியைப் பிடித்த நர்ஸ் போய்ச் சொல்லியிருக்கிறார். மனநலம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் வந்தார். இளம் வயசு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீசிங் உண்டா? சின்ன வயசுல இளைப்பு வந்திருக்கா?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு மாத்திரை எழுதினார்.

"இது இதயம் படபடன்னு அடிக்கிறதக் குறைக்கிற மாத்திரைதான். பெரிய பயம் நடந்த உடனே, முதல் சில நாள்ல இதக் குடுத்தா, அந்தப் பயம் உடம்புல ஆழமாப் பதியாம இருக்க உதவலாம்னு சொல்றாங்க. சிலருக்குக் கேட்டிருக்கு, சிலருக்குக் கேக்கல. உறுதி சொல்ல மாட்டேன். ஆனா குடுக்கிறதா இருந்தா சீக்கிரம் குடுக்கணும். நாள் போனா பிரயோசனமில்ல" என்றார்.

எனக்குப் பாதிதான் விளங்கியது. திருப்பிக் கேட்கக் கூச்சம். தலையை ஆட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் உத்தமபாளையத்து பாய் ஒருவர், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பிரியாணி மாஸ்டர். டாக்டரம்மா போனதும் அவர்தான் எனக்கு விளக்கம் சொன்னார்.

"தம்பி, வெளங்கலியா? நடந்ததெல்லாம் மறந்து போறதுக்கு மாத்திர. முழுங்கினா விழுந்ததே ஞாபகம் இருக்காது. இப்பிடி ஒரு மாத்திர இருக்குன்னு தெரிஞ்சிருந்தா எங்க மாமனார் மூஞ்சிய எப்பவோ மறந்திருப்பேனே!"

வார்டே சிரித்தது. மறந்துவிட்டால், சகலை கடைசியாகச் சொன்னது என்ன ஆகும்? அதைக் கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அந்தப் பேச்சு எனக்கானதும் இல்லை. என் கொழுந்தியாவுக்கு, அதாவது அவர் மனைவிக்குச் சொன்ன பேச்சு. அதை அவளிடம் சேர்ப்பதற்கு முன்னால் நான் எப்படி மறக்க முடியும்?

நர்ஸ் மாத்திரையைக் கொடுத்ததும் வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாக்குக்கு அடியிலிருந்து எடுத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான்.

அந்த மறுநாள் சாயங்காலம் என் மனைவி வந்தாள். கோடாங்கியிடம் போய் மந்திரித்த திருநீறு வாங்கி வந்திருந்தாள். "செத்த இடத்துல இருந்து அவரு ஒங்க பின்னாலேயே வந்துட்டாராம். இதப் பூசுனா வெலகிருவாராம்" என்று நெற்றியில் வைக்க வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பயந்து போனாள். என்னைப் பார்த்ததைவிட, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பார்த்துத்தான் பயந்தாள். கட்டிலுக்குக் கீழே தரையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

குரல் அப்போதெல்லாம் இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்திருந்தது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதோடு நின்றுவிடும். எனக்கு வியர்த்துக் கொட்டும். மூன்றாவது தடவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். மூன்று தடவை கூப்பிட்டால் மனுசன். மனுசன் கூப்பிட்டால் போக வேண்டும். அவர் எனக்காக மூன்றாவது தடவை கூப்பிட்டாரே. என் புத்தி அப்போது அப்படித்தான் ஓடியது.

அதற்கும் மறுநாள், வெயில் நன்றாக ஏறின நேரம். வார்டில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குரல் கூப்பிட்டது. இரண்டாவதும் கூப்பிட்டது. பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து இல்லாமல் வெளியே வராண்டாப் பக்கத்திலிருந்து, தெளிவாக, பகல் வெளிச்சத்தில் ஆள் கூப்பிடுவதுபோலவே, மூன்றாவது தடவையும் கூப்பிட்டது.

நான் எழுந்ததும் நடந்ததும் எனக்குத் தெரியாது. பாய் போட்ட சத்தம்தான் தெரியும். "ஏய், பிடிங்கப்பா அந்த ஆள! கம்பி மேல ஏறுறான்!" கால் கட்டோடு அவர் கட்டிலை உலுக்கிக் கத்தியிருக்கிறார். யாரோ இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். என் வலது கால் வராண்டாக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. கீழே சிமெண்டுத் தரை. எனக்கு அது மேகமாகத் தெரிந்தது.

இழுத்த இழுப்பில் லுங்கி மடிப்பு அவிழ்ந்து மாத்திரைகள் தரையில் உருண்டன.

டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மாத்திரைகளைக் கையில் பொறுக்கி வைத்துக்கொண்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏன்யா முழுங்கல?" என்று மட்டும் கேட்டார். என் மனைவியும் அங்கே நின்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், குரல், மூன்றாவது கூப்பாடு. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "நான் வெளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இது மறக்க வைக்கிற மாத்திரை இல்ல. அப்படி ஒரு மாத்திரை எங்கிட்ட இல்ல. நடந்தது நடந்ததாத்தான் உங்க மனசுல இருக்கும். அத நினைக்கும்போது உடம்பு இப்படி உங்கள எழுப்பிட்டு ஓடுது பாருங்க, அதக் கொஞ்சம் அடக்கப் பாக்குது. அவ்வளவுதான்" என்றார்.

நம்பவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் படித்தவர்கள் நோயாளிக்காக ஒன்றைக் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள் என்றும் தோன்றியது. ஒருவேளை மறந்துவிட்டால்? "மொதல்ல கொழுந்தியாகிட்டச் சொல்லிர்றேம்மா. அப்பறம் எது குடுத்தாலும் முழுங்குறேன்" என்றேன்.

"அப்ப அவங்கள வரச் சொல்லுங்க."

என் மனைவி குறுக்கிட்டாள். "அது எப்பிடிங்கம்மா முடியும்? பதினாறாம் நாள் கருமாதி முடியாம அவ வீட்டு வாசப்படியத் தாண்டக் கூடாதே."

"பதினாறு நாளா? அவ்வளவு நாள் கழிச்சு இந்த மாத்திரையக் குடுத்து என்ன பண்றது?" டாக்டரம்மாவின் முகம் மாறிப்போனது. வராண்டாப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

"எங்கிட்டச் சொல்லுங்க, நான் போயிச் சொல்லிர்றேன்" என்றாள் மனைவி. எனக்கு அது சரியாகப் படவில்லை. புருசன் பெண்டாட்டிக்கு உள்ளே நடந்த சண்டையைப் பற்றிய பேச்சு அது. அக்காவாக இருந்தாலும் அவள் காது வழியாகப் போகக் கூடாது என்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே ஊருக்குப் போனாள்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில், வார்டு வாசலில் ஒரு பெண் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். யாரென்று எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்த என் கொழுந்தியாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

துக்க வீட்டிலிருந்து பட்டப்பகலில் இறங்கி, பஸ் ஏறி, அக்கா பின்னால் ஓடி வர வர நிற்காமல் வந்திருக்கிறாள். பெரியவர்கள் கூச்சல் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்களாம்.

அவளோடு நான் நேருக்கு நேர் பேசியதே இல்லை. வீட்டுக்கு வந்தால் "வாங்க மச்சான்" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். உட்காரவில்லை.

"ஒங்களுக்கு மறக்கிறதுக்கு மாத்திர குடுக்காகளாமே மச்சான்" என்றாள். அவளிடமும் அந்தப் பேச்சு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தது. "எல்லாம் மறக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிருங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தானாகவே வெளியே போய்விட்டாள். பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"டாக்டரு அவுக விழுந்தப்பவே போயிட்டாகன்னு எழுதிக் குடுத்திருக்காக. எனக்கும் படிச்சுக் காட்டினாக" என்று அவளே மேலும் சொன்னாள். "அது இருக்கட்டும். நீங்க கேட்டதச் சொல்லுங்க. அன்னைக்கு நான் வாசல்ல நின்னுக்கிட்டு, போயித் தொல, திரும்பி வராதன்னு சொன்னேன் மச்சான். அதக் கேட்டுக்கிட்டேதான் போனாக."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சகலை சொன்னது இதுதான்: "காலையில அவ வச்ச கருவாட்டுக் கொழம்ப வேணும்னேதான்யா திங்காம வந்தேன். அவ மூஞ்சி சுருங்கட்டும்னு. மத்தியானம் பசிக்கும்போது அந்தக் கொழம்புதான் நாக்குலயே நின்னுச்சு. சட்டிய வழிச்சுத் திங்கணும்யா. அவ திட்டுனாலும் அது ஒரு அழகாத்தான் இருக்கு. ஒங்கிட்டச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராத, ரொம்ப ஏத்தம் வந்துரும்."

சொல்லி முடித்ததும் எனக்கு இன்னொன்று உறுத்தியது. அதையும் சொல்லிவிட்டேன். "இத அவரு பள்ளத்துல கெடந்து சொன்னாரா, இல்ல எறங்கும்போது ஜீப்புல சொன்னாரான்னு இப்ப என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கு. ஆனா சொன்னாரு. இந்த வார்த்தைகள நானாக் கட்டிச் சொல்லத் தெரியாது எனக்கு."

அவள் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நடுவிலே சிரிப்பு மாதிரி ஒரு சத்தமும் வந்தது. "எங்கன சொன்னா என்ன மச்சான். அவுக பேச்சுத்தான் இது. ஏத்தம் வந்துரும்னு வேற யாரு சொல்லுவா" என்றாள். பிறகு, "சட்டியில அப்பிடியே இருந்துச்சு. எழவுக்கு வந்தவுக யாரோ கொண்டுபோயிக் கொட்டிட்டாக" என்றாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறாள் என்று புரிந்தது. அதன்பிறகு நர்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்த மாத்திரையை எடுத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவளே என்னிடம் நீட்டினாள்.

"இனி எங்கிட்ட இருக்கு. நீங்க முழுங்குங்க மச்சான். எங்க அக்காவையும் என்னய மாதிரி ஆக்கிப்புடாதீக."

முழுங்கினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரம் போட்டதுபோலெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நெஞ்சு மெதுவாக அடித்தது. கையும் காலும் என்னுடையவையாக இருந்தன. குரல் அன்றும் கூப்பிட்டது. ஆனால் நான் எழவில்லை. கேட்டுக்கொண்டு கிடந்தேன். சில நாளில் எப்போதாவது கூப்பிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் டாக்டரம்மா சொன்ன காலம் வரைக்கும் மாத்திரையை விடவில்லை. என்றைக்கு அந்தக் குரல் நின்றது என்று எனக்கே தெரியாமல் அது நின்றுபோயிருந்தது. கருமாதிக்கு முன்னால் படி தாண்டியதற்காக என் கொழுந்தியாவை ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

டாக்டரம்மாவைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, "மாத்திரைதானே கேட்டது?" என்றேன். அவர் சிரித்தார். "தெரியலைய்யா. மாத்திரையா இருக்கலாம். நீங்க வாயத் தொறந்து சொன்னதா இருக்கலாம். நாளானதால தானாவே சரியாகியிருக்கலாம். ஒரு ஆள வச்சு எதையும் சொல்ல முடியாது" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்தப் பதிலால்தான்.

எங்கள் டிரைவருக்குக் கால் கூடிவிட்டது. ஆனால் அவர் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. லாரி ஹாரன் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நின்றுவிடுவார். அவருக்கு யாரும் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல நான் யார்?

தை பிறந்து நான் மறுபடியும் மலைக்கு வேலைக்குப் போனேன். அந்த வளைவு வரும்போது நெஞ்சு கொஞ்சம் ஓடும். ஓடிவிட்டு நிற்கும். ஒருநாள் கம்பம்மெட்டில் டீக்கடை வாசலில், அன்றைக்குக் கயிறு கட்டி இறங்கி என்னைத் தூக்கியவரைப் பார்த்தேன். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க எத்தன கொரல் கேட்டீக?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "மூணுண்ணே. ரெண்டு கேட்டதும் வண்டியக் கெளப்பிட்டோம். மூணாவது கேட்கவும்தான நிறுத்துனோம்."

"மூணும் ஒரே கொரலா?"

"அது நெனவில்லண்ணே. ஆனா மூணாவது கொஞ்சம் அதட்டலா இருந்துச்சு. எறங்காம இருக்க முடியல."

அவர் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு மிச்ச டீயைக் குடித்தார்.

மூச்சு நின்றுபோன நான்தான் எப்படியோ அதையும் கத்தினேனா, இல்லை டாக்டர்கள் எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் பிறகும் சகலை கொஞ்ச நேரம் எனக்காக இருந்தாரா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நாட்களில், பயத்தைக் கைவிட்டால் அவரையே கைவிட்டதாகிவிடும் என்று நினைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயம் இறங்கிய பிறகுதான், கட்டிலுக்கு அடியில் வெறும் குரலாகக் கிடந்தவர் முகத்தோடும் சிரிப்போடும் என் சகலையாக எனக்குத் திரும்பக் கிடைத்தார்.